பொது நிர்வாகமா, பொதுக் கொள்கையா? கவுந்தப்பாடித் தம்பிக்கு ஒரு பதில்

கேள்வி இதுதான். வயது 25, ஊர் ஈரோடு மாவட்டத்தில் கவுந்தப்பாடி பக்கம். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, பிறகு பி.டெக். டெக்ஸ்டைல். மூன்று வருடமாகத் திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சண்டைசர், அதாவது வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற வேலை. பொது நிர்வாகத்திலோ பொதுக் கொள்கையிலோ முதுகலை படிக்க ஆசை. இரண்டில் எது, எங்கே, ஐ.ஏ.எஸ்ஸுக்கு உதவுமா, வேலை கிடைக்குமா? அப்பாவோ, "அதைப் படிச்சுப்போட்டு எந்த ஆபீசுக்குப் போறதாமா?" என்கிறார்.

சுருக்கமான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். மனசில் இருப்பது ஐ.ஏ.எஸ். மட்டும்தான் என்றால் இதற்காக முழுநேரமாக இரண்டு வருடம் செலவழிக்க வேண்டாம். ஒரு முதுகலைப் பட்டம் வேண்டும், நெட் என்ற தகுதித் தேர்வு எழுதிக் கல்லூரி ஆசிரியர் வேலைக்கு முயல வேண்டும் என்றால் பொது நிர்வாகம் எம்.ஏ. படியுங்கள், அதைத் தொலைதூரக் கல்வியிலேயே முடிக்கலாம். அரசாங்கம் ஒரு முடிவை ஏன் இப்படி எடுத்தது, வேறு மாதிரி எடுத்திருந்தால் யார் பிழைத்திருப்பார்கள், யார் கெட்டிருப்பார்கள் என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறதா? அப்படியானால் பொதுக் கொள்கைக்குப் போங்கள். நீங்கள் எழுதியதைப் படித்தால் இந்தக் கடைசி வகை என்றுதான் படுகிறது. அந்த நம்பிக்கையில் மிச்சத்தை எழுதுகிறேன்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் புத்தக இலக்கணத்தில் சொல்வதைவிட உங்கள் ஊர்ப்பக்கம் ஓடுகிற கீழ்பவானி வாய்க்காலை வைத்தே சொல்லலாம். பவானிசாகர் அணை 1955-இல் முடிந்தது. அங்கிருந்து கிளம்பும் வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கருக்குப் பாய்கிறது. அத்தனை ஏக்கரிலும் ஒரே சமயத்தில் நெல் போடத் தண்ணீர் கிடையாது. அதனால் ஒற்றைப்படை மதகு, இரட்டைப்படை மதகு என்று பிரித்து, ஒரு பாதிக்கு, அதாவது 1,03,500 ஏக்கருக்கு, நன்செய்த் தண்ணீரும், அடுத்த பாதிக்குப் பிற்பாடு புன்செய்த் தண்ணீரும் விடுகிறார்கள். அடுத்த வருடம் முறை மாறும்.

இந்த முறையை நடத்திக் காட்டுவது முழுக்க நிர்வாகம். தண்ணீர் திறக்க அரசாணை எந்தத் தேதியில் வர வேண்டும், நீர்வளத்துறையின் உதவிப் பொறியாளருக்கு எவ்வளவு அதிகாரம், மதகைத் திறக்கும் லஸ்கர் பணியிடங்கள் காலியாகக் கிடந்தால் என்ன நடக்கும், பாசன சபை சொன்னால் யார் கேட்பார்கள், வாய்க்காலின் கடைசியில் நிலம் வைத்திருக்கிற கடைமடைக்காரர் புகாரை யாரிடம் கொடுப்பது என்பவை அதன் கேள்விகள். பொது நிர்வாகம் படிக்கிறவர் அமைப்பு, அதிகாரம், பணியாளர், நிதி, பொறுப்பு என்ற கண்ணாடி வழியாகப் பார்க்கக் கற்றுக்கொள்கிறார். விதி நன்றாக இருந்தும் கடைமடைக்குத் தண்ணீர் போகவில்லை என்றால் ஓட்டை எங்கே என்று தேடுவார்.

இப்போது அதே வாய்க்காலுக்குக் காங்கிரீட் போடுகிற தகராறை எடுத்துக்கொள்ளுங்கள். 709.60 கோடி ரூபாய் சீரமைப்புத் திட்டம். வேண்டும் என்று ஒரு பக்கம் விவசாயிகள், வேண்டாம் என்று இன்னொரு பக்கமும் விவசாயிகளே. உண்ணாவிரதம், மறியல், நீதிமன்றம் எல்லாம் பார்த்தாயிற்று. மண் வாய்க்காலில் தண்ணீர் கசிந்து வீணாகிறது, கரை உடைகிறது, கடைமடை காய்கிறது என்பது ஒரு தரப்பு. கசிவது வீணாகவில்லை, கீழ்ப்புறத்துக் கிணறுகளும் குட்டைகளும் குடிநீரும் அதை நம்பித்தான் இருக்கின்றன என்பது மற்றத் தரப்பு.

பொதுக் கொள்கை படிக்கிறவர் இங்கே யார் பக்கமும் உடனே சேரக்கூடாது. கசிவு என்பது வாய்க்கால் கணக்கில் நட்டம், கிணற்றுக் கணக்கில் வரவு. அப்படியானால் மொத்தப் பகுதிக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் எவ்வளவு மிச்சம்? மடை வழியாகப் பாயும் தண்ணீர் தானாக வருகிறது, கிணற்றுக்குப் போன தண்ணீரை மோட்டார் வைத்து இறைக்க வேண்டும், அந்த மின்சாரச் செலவு யார் தலையில்? ஆயக்கட்டில், அதாவது வாய்க்காலின் பாசனப் பரப்பில், நிலம் இருக்கிறவருக்குத் தண்ணீர் உரிமை எழுத்தில் இருக்கிறது, கசிவை நம்பிக் கிணறு வெட்டியவருக்கு அப்படி எதுவும் இல்லை, ஆனால் இரண்டு தலைமுறையாக அதை வைத்துத்தான் பிழைக்கிறார். அவருக்கு என்ன நியாயம்? முழுக்கக் காங்கிரீட் போடுவதற்கும் ஒன்றுமே செய்யாததற்கும் நடுவில், பலவீனமான கரையையும் மதகுகளையும் மட்டும் சரிசெய்தால் எவ்வளவு பலன் கிடைக்கும்? இத்தனையையும் எண்ணும் எழுத்துமாக வைத்து, "இதைச் செய்யலாம், இன்னாருக்கு இவ்வளவு பாதிப்பு வரும், அதை இப்படி ஈடுகட்டலாம்" என்று அமைச்சரோ செயலரோ படிக்கிற மாதிரி இரண்டு பக்கத்தில் எழுத வேண்டும். அதுதான் அந்தப் படிப்பு. முடிவெடுப்பது அரசியல்வாதியின் வேலை. அவர் கண்ணை மூடிக்கொண்டு எடுக்காமல் பார்த்துக்கொள்வது இவர் வேலை.

நடைமுறையில் இரண்டையும் கத்தியால் பிரிக்க முடியாது. நடத்த ஆள் இல்லாத கொள்கை வெறும் காகிதம். இருந்தாலும் பாடத்திட்டங்கள் இரண்டு வழியில் வளர்ந்தவை. பொது நிர்வாகம் மூத்தது. அமெரிக்காவில் உட்ரோ வில்சன் 1887-இல் எழுதிய கட்டுரையைத்தான் எல்லாரும் தொடக்கமாகச் சொல்வார்கள். நம் நாட்டில் பால் ஆப்பிள்பி என்ற அமெரிக்க நிர்வாக வல்லுநர் 1953-இல் கொடுத்த அறிக்கையைத் தொடர்ந்து 1954-இல் டெல்லியில் இந்தியப் பொது நிர்வாக நிறுவனம் வந்தது. பொதுக் கொள்கைக்கென்று தனிப் பட்டங்கள் இங்கே 2000-க்குப் பிறகு வந்த சரக்கு. பெங்களூர் ஐ.ஐ.எம். 2002-இல் பெரும்பாலும் அரசு அதிகாரிகளுக்காக ஒரு படிப்பு தொடங்கியது. பெங்களூர் தேசிய சட்டப் பள்ளியில் முதுகலைப் படிப்பு 2014-இல் வந்தது. அப்புறம் தனியார் பல்கலைக்கழகங்களும் ஐ.ஐ.டி.களும் இறங்கிவிட்டன.

என்ன சொல்லித் தருவார்கள்? நல்ல இடமாக இருந்தால் நுண்பொருளியல், புள்ளியியல், செலவு-பலன் கணக்கு, அரசியல் சட்டம், அரசு நிதி, திட்ட மதிப்பீடு, கள ஆய்வு. நம் பக்கத்துப் பொறியியல் பிள்ளைகளுக்குக் கணக்கு பயமில்லை. அவர்கள் திணறுவது வேறு இடத்தில். ஒரே சரியான விடை இல்லாத கேள்வியைக் கொடுத்தால் கை நடுங்கிவிடும்.

ஒரு மாதிரிக் கேள்வி தருகிறேன். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம். இது சென்னையில் யாரோ தேர்தலுக்காகக் கண்டுபிடித்தது என்று டெல்லி வகுப்பறைகளில் பேசுவார்கள். நம் ஊரில் அதன் கதை வேறு. மின்கட்டண உயர்வை எதிர்த்து நாராயணசாமி நாயுடு தலைமையில் கோவை மாவட்ட விவசாயிகள் கிளர்ந்தார்கள். 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று பேர் உயிர்விட்டார்கள். 1972-இல் கோவையைக் கட்டை வண்டிகளால் நிரப்பினார்கள். 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்றானது. இந்த வரலாறு தெரியாமல் "மீட்டர் வைக்க வேண்டும்" என்று எழுதுகிற மாணவனுக்கு நான் பூஜ்யம் போடுவேன். வரலாற்றை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகிறவனுக்கும் பாதி மதிப்பெண்தான். ஏனென்றால் அடுத்த கேள்வி காத்திருக்கிறது. கரண்ட் இலவசம் என்றால் இன்னும் ஒரு மணி நேரம் மோட்டார் ஓடுவதற்குக் கையிலிருந்து காசு போகாது. ஆயிரம் அடி தாண்டி போர் போடுகிற நம் சீமையில் அது நிலத்தடி நீரை என்ன செய்கிறது? ஆழமாகப் போர் போட வசதி இருப்பவருக்கே இந்த மானியம் அதிகம் போகிறது. கிணறு வற்றியவருக்குச் சலுகை ஏட்டில் மட்டும், மானாவாரிக்காரருக்கு அதுவும் இல்லை. அப்படியென்றால் என்ன செய்யலாம்? சிறு குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு நூறு சதவீத மானியம் இருந்தும் ஏன் எல்லாத் தோட்டத்திலும் குழாய் இல்லை? விலை கட்டுபடியாகாத தொழிலில் மின்சாரச் சலுகையை மட்டும் பிடுங்கினால் அந்த இடத்தில் எதை வைப்பீர்கள்? எழுத உட்கார்ந்தால்தான் தெரியும் எவ்வளவு சிக்கல் என்று.

உங்களுக்கு இன்னொரு சாதகம், திருப்பூரில் மூன்று வருடம். நொய்யல் ஆற்றில் கட்டிய ஒரத்துப்பாளையம் அணை 1992-இல் பாசனத்துக்காக வந்து சாயக்கழிவுத் தொட்டியாக மாறிய கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். விவசாயிகள் சங்கம் வழக்குப் போட்டு, கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற நிலைக்கு வந்து, 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் என்ற நிர்வாகம் இருந்தும் நீதிமன்றம் ஏன் தேவைப்பட்டது? ஒரே ராத்திரியில் மூடியதில் தொழிலாளிக்கு என்ன ஆனது, சாய வேலை எந்த ஊருக்கு நகர்ந்தது, சுத்திகரிப்புச் செலவை வெளிநாட்டு வாடிக்கையாளர் விலையில் கொடுத்தாரா, இல்லை இங்கேயே யாரோ விழுங்கினார்களா? கடைசிக் கேள்விக்குப் பேராசிரியரைவிட உங்களுக்கு நன்றாகப் பதில் தெரியும். ஒரு டி-ஷர்ட்டுக்குக் காஸ்டிங் ஷீட் போட்டவர் நீங்கள். டையிங் சார்ஜ் ஏறினால் பையரிடம் எத்தனை காசு கேட்க முடியும், எத்தனை கொடுப்பார் என்று அனுபவத்தில் தெரிந்தவர். "எனக்கு இந்தத் துறையில் அனுபவம் இல்லை" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரியை அழித்துவிடுங்கள்.

தமிழ் வழியில் படித்தது பற்றிய பயம் நியாயமானது, மறைக்க மாட்டேன். வாரத்துக்கு நூற்றுக்கணக்கான பக்கம் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், சுருக்கி எழுத வேண்டும். முதல் பருவம் கண்ணில் தண்ணீர் வரும். ஆறு மாதம் முன்பே தினம் ஒரு தலையங்கத்தைப் படித்து ஆங்கிலத்தில் பத்து வரியில் சுருக்கிப் பழகுங்கள். ஆனால் களத்துக்குப் போகும்போது நிலைமை தலைகீழ். மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு தறிக்குடோனில் பேட்டி எடுக்கிற சகமாணவருக்கு எதுவும் கிடைக்காது. "வாங்கோ, உக்காருங்கோ" என்று ஆரம்பித்து நீங்கள் பேசினால் கணக்கு நோட்டையே காட்டுவார்கள்.

சரி, எங்கே? பக்கத்தில் காந்திகிராமம் கிராமியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் அறிவியலோடு வளர்ச்சி நிர்வாகம் சேர்ந்த துறை இருக்கிறது. ஊராட்சி, கிராம மேம்பாடு பக்கம் போக நினைத்தால் நல்ல இடம், செலவும் கம்மி. சென்னைப் பல்கலைக்கழகத்தில் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை பழமையானது. இக்னோ (இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம்), தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இரண்டிலும் பொது நிர்வாகம் எம்.ஏ. உண்டு, வேலையை விடாமல் படிக்கலாம். பொதுக் கொள்கைக்கு நான் முதலில் கை காட்டுவது பெங்களூர் தேசிய சட்டப் பள்ளி. எந்தப் பட்டம் இருந்தாலும் நுழைவுத் தேர்வு எழுதலாம், சட்டமும் பொருளாதாரமும் சேர்த்துக் கற்றுத் தருவார்கள். ஈரோட்டில் ராத்திரி ரயில் ஏறினால் விடியும்போது பெங்களூர். மும்பை, டெல்லி ஐ.ஐ.டி.களிலும் பொதுக் கொள்கை முதுகலை இருக்கிறது, பொறியியல்காரர்களுக்குப் பொருத்தம். ஹைதராபாத்திலுள்ள டாடா சமூக அறிவியல் நிறுவனத்தையும் பாருங்கள்.

பளபளப்பான தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கடுமையானது. சிலவற்றில் ஆசிரியர்கள் அருமை, சந்தேகமில்லை. ஆனால் கல்விக்கடன் வாங்கி அங்கே படித்துவிட்டு, தொண்டு நிறுவனச் சம்பளத்தில் தவணை கட்டுவது கழுத்தை நெரிக்கும். உதவித்தொகை முக்கால்வாசி கிடைத்தால் போங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். படிப்பு ஒத்துவருமா என்று தொட்டுப் பார்க்க, பெங்களூர் தக்ஷசீலா நிறுவனம் ஆன்லைனில் 12 வார சான்றிதழ்ப் படிப்பு நடத்துகிறது. சனி, ஞாயிறில் முடித்துக்கொள்ளலாம். வேலையை விடும் முன் இதைச் செய்வது புத்திசாலித்தனம்.

ஐ.ஏ.எஸ். விஷயம். பொது நிர்வாகம் 1987 முதல் யு.பி.எஸ்.சி. முதன்மைத் தேர்வில் விருப்பப்பாடம். ஒரு காலத்தில் கோச்சிங் சென்டர் எல்லாம் அதைத்தான் எடுக்கச் சொன்னது. 2011-இல் முதல்நிலைத் தேர்விலிருந்து விருப்பப்பாடம் போனது, 2013-இல் முதன்மைத் தேர்வில் இரண்டு விருப்பப்பாடம் ஒன்றானது, ஆட்சிமுறை பொதுப்பாடம் இரண்டாம் தாளில் நுழைந்தது. அதன்பிறகு அந்த மவுசு இல்லை. விருப்பப்பாடத்துக்கு மொத்தம் 500 மதிப்பெண், அதற்கு எம்.ஏ. தேவையில்லை, பாடத்திட்டத்தை ஒழுங்காகப் படித்தால் போதும். தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வு எழுதித் தேறினால் முதல்நிலைத் தேர்வுக்குப் படிக்கிற 1,000 பேருக்குப் பத்து மாதம் மாதா மாதம் 7,500 ரூபாய் தருகிறார்கள். அந்த வழியைப் பாருங்கள். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்திலும் அரசுப் பயிற்சி மையம் இருக்கிறது. படிப்பையும் தேர்வையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் இரண்டும் பாதியில் நிற்கும்.

வேலைக்கு வருவோம். அப்பாவின் கேள்வி நியாயமான கேள்விங்க. இந்தப் பட்டத்தை மட்டும் தகுதியாக வைத்து ஆள் எடுக்கிற அரசு அலுவலகம் அநேகமாக இல்லை. அதை நேராகச் சொல்லிவிடுங்கள். ஆள் எடுப்பவர்கள் வேறு: ஆய்வு நிறுவனங்கள், அரசுத் துறைகளுக்குத் திட்டம் தீட்டித் தருகிற ஆலோசனைக் கம்பெனிகள், தொண்டு நிறுவனங்கள், கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதிப் பிரிவுகள். தொடக்கச் சம்பளம் உங்கள் சாஃப்ட்வேர் நண்பர்களுடையதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். பெரிய கதவு என்று சொன்னால் தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம். 2022-இல் தொடங்கியது, இரண்டு வருடம், திருச்சி பாரதிதாசன் மேலாண்மை நிறுவனத்தோடு சேர்ந்து நடக்கிறது. உதவித்தொகையோடு அரசுத் துறைகளுக்குள்ளேயே வேலை, முடிவில் பொதுக்கொள்கையில் சான்றிதழ். தொழிற்படிப்பில் முதல் வகுப்பு இருந்தால் முதுகலை இல்லாமலே விண்ணப்பிக்கலாம், தமிழ் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பி.டெக்.கே போதும்! அறிவிப்பு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடுங்கள், அது கிடைத்தால் முதுகலையைத் தள்ளிப்போடலாம். டெல்லியில் சட்டமன்ற, நாடாளுமன்ற வேலைகளை ஆராய்கிற பி.ஆர்.எஸ். நிறுவனத்தின் லாம்ப் திட்டத்தில் ஒரு நாடாளுமன்ற உறுப்பினருக்கு உதவியாளராக ஏறக்குறைய ஒரு வருடம் வேலை பார்க்கலாம். அதற்கு வயது வரம்பு 25 என்பதால் உங்களுக்கு நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்பாவிடம் ஒரு பெயரையும் சொல்லிப் பாருங்கள், பசுமைப் புரட்சிக்கு வழி போட்ட சி. சுப்பிரமணியம். பொள்ளாச்சி பக்கம் செங்குட்டைப்பாளையத்துக்காரர். 1964-இல் மத்திய உணவு அமைச்சர் ஆனார். 1965-இல் விலை நிர்ணயத்துக்கு ஓர் ஆணையம், வாங்கிச் சேமிக்க இந்திய உணவுக் கழகம், 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதை. விதை, விலை, கொள்முதல் மூன்றையும் ஒரே சமயத்தில் நகர்த்தியதுதான் அவருடைய கெட்டிக்காரத்தனம். அவர் படித்தது இயற்பியலும் சட்டமும். இது இந்தப் பட்டத்துக்கு எதிரான வாதம் மாதிரியும் இருக்கிறது என்பது எனக்குத் தெரிகிறது, பரவாயில்லை, அப்பாவுக்குப் பிடிக்கும்.

விண்ணப்பிக்கும் முன் செய்ய வேண்டிய வீட்டுப்பாடம் ஒன்று உண்டு. வருடத்துக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்ததற்குப் போய் உங்கள் ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்டு வாங்குங்கள். வீட்டு வரி எவ்வளவு, குடிநீர்க் கட்டணம் எவ்வளவு வசூல், நிதிக்குழு மானியம் எவ்வளவு, கரண்ட் பில்லுக்கே எவ்வளவு போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு போடுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை ஊராட்சி இதே மாதிரி கரண்ட் பில்லைப் பார்த்துப் பயந்துதான் மாற்று வழி தேடியது. 2006-இல் சொந்தச் சேமிப்போடு வங்கிக் கடனும் வாங்கி உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில் 350 கிலோவாட் காற்றாலை நிறுவி, மிச்ச மின்சாரத்தை வாரியத்துக்கே விற்றது. மற்ற ஊராட்சிகளால் ஏன் அது முடியவில்லை என்று உங்கள் கணக்குத் தாளை வைத்துக்கொண்டு யோசியுங்கள். கூடவே, ஒவ்வொரு துறையும் மானியக் கோரிக்கையின்போது சட்டமன்றத்தில் வைக்கிற கொள்கை விளக்கக் குறிப்பு தமிழிலேயே இணையத்தில் கிடைக்கும். கைத்தறி மற்றும் துணிநூல் துறையுடையதை எடுத்துப் படியுங்கள். விசைத்தறிக்கு 2016-இல் 750 யூனிட் ஆக்கிய இலவச மின்சாரத்தை 2023-இல் 1,000 ஆக்கினார்கள். அது தறி ஓட்டுகிறவருக்குப் போய்ச் சேர்ந்ததா, கூலிக்குப் பாவு (தறிக்கான நூல்) கொடுக்கிறவருக்குப் போனதா என்று விசைத்தறி ஊரான சோமனூரில் இரண்டு பேரைக் கேட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் செய்யச் சலிப்பாக இருந்தால் இந்தப் படிப்பு உங்களுக்கு ஆகாது, அது ஒன்றும் குற்றமில்லை. செய்யும்போது நேரம் போவதே தெரியவில்லை என்றால், விண்ணப்பத்தோடு வைக்கிற நோக்கக் கட்டுரைக்கு அந்தத் தாள்களே போதும். "நாட்டுக்குச் சேவை செய்ய ஆசை" என்று எல்லாரும் எழுதுவார்கள். நீங்கள் ஊராட்சிக் கணக்கில் கண்ட ஒரு முரணையோ சாயச் செலவு யார் தலையில் விழுந்தது என்பதையோ எழுதுங்கள், கூடவே அதற்கு விடை தேட உங்களுக்கு இன்னும் என்ன தெரியவில்லை என்பதையும். பரிந்துரைக் கடிதத்தை எம்.டி.யிடம் வாங்க அலையாதீர்கள், அவருக்கு உங்கள் முகம்கூடச் சரியாகத் தெரியாது. ஷிப்மென்ட் தள்ளிப்போன சமயத்தில் நீங்கள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று பக்கத்திலிருந்து பார்த்த புரொடக்ஷன் மேனேஜர் எழுதட்டும், இன்னொன்று கல்லூரியில் உங்கள் புராஜெக்டைப் பார்த்த ஆசிரியர். இரண்டு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள், கடைசி வாரத்தில் கேட்டால் நீங்களே எழுதிக் கொண்டுவரச் சொல்வார்கள்.